புதுப் பற்றறி பழக வேணும்

ஒரு பொருள் பழுதானால் அதைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒரு வகை. கொண்டுபோக விடாதவர்கள் இன்னொரு வகை. நாம் இங்கே பார்க்கப்போவது இந்த இரண்டாவது வகையை. வசதிக்காக இவர்களைக் 'கழற்றிகள்' என்று அழைப்போம். திருத்துநர் என்று சொல்லலாமே என்பீர்கள். கூடாது. திருத்துநருக்குத் திருத்தத் தெரியும். கழற்றிக்குக் கழற்றத் தெரியும்.

மெல்பேணின் தென்கிழக்குப் பக்கத்தில் தமிழர் கூடும் எந்த இடத்திலும் ஒரு கழற்றியைக் காணலாம். பிறந்தநாள் விழாவில் நீங்கள் யாரோ ஒருவரிடம், வீட்டில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் சத்தம் போடுகிறது என்று மெதுவாகத்தான் சொல்லியிருப்பீர்கள். மூன்று கதிரை தள்ளியிருந்த மனிதர் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவார். "என்ன மாதிரிச் சத்தம்?" என்று கேட்பார். அந்தச் சத்தத்தை நீங்கள் வாயால் செய்துகாட்ட வேண்டும். வெட்கத்தை விட்டுச் செய்துகாட்டுவீர்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பெல்ட்" என்பார். உங்கள் மெஷினில் பெல்ட்டே கிடையாது. அதனால் என்ன? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் உங்கள் வாசலில் நிற்பார்.

மல்கிரேவில் வசிக்கும் அருந்தவன் இந்த வகையின் தலைசிறந்த மாதிரி. வயது ஐம்பத்திமூன்று. வேலை, நகரசபை அலுவலகமொன்றில் வாகனத் தரிப்பு அனுமதிகளைச் சரிபார்ப்பது. மின்சாரத்துக்கும் அவருக்கும் பிறப்பாலோ படிப்பாலோ எந்தத் தொடர்பும் இல்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் ஒலிவாங்கி வேலை செய்யாமல் போனது. முந்நூறு பேர் பார்த்திருக்க, அருந்தவன் மேடைக்குப் பின்னால் போய்ப் பிளக்கைக் கழற்றித் திரும்பக் குத்தினார். ஒலிவாங்கி பேசியது. அன்றோடு அவருடைய விதி முடிவாகிவிட்டது. பிளக்கைக் குத்தியது மட்டுந்தான் தான் செய்தது என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

இந்த அருந்தவனின் காதில் நிரூபாவின் மடிக்கணினி விவகாரம் விழுந்திருக்கக் கூடாது. விழுந்துவிட்டது.

நிரூபா கிரான்பர்னில் இருக்கிறார். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்துகொண்டே தாதியர் படிப்பை முடித்தவர். ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாகச் சேருவதற்கான நேர்முகம் அவருக்கு வந்திருந்தது, காணொளியில். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு. அன்று அவருக்கு வேலை. நடுவில் ஒரு மணித்தியால இடைவேளை. இருந்து பேசுவதற்குக் கிடைத்த ஒரே அமைதியான இடம் அவருடைய கார். தொலைபேசியில் செய்ய முடியாது, திரையில் ஒரு நோயாளியின் விவரம் வரும், வாசித்துப் பதில் தட்டச்சுச் செய்ய வேண்டும். காரில் பிளக் இல்லை. மடிக்கணினியின் பழைய பற்றறியோ, வயரைக் கழற்றினால் பத்து நிமிடம்தான் தாங்கும். ஆகவே நிரூபா மூளையுள்ள எவரும் செய்வதையே செய்தார்: கன்பராப் பக்கம் ஒரு சின்னக் கடையிடம் இணையத்தில் புதுப் பற்றறி வாங்கினார்; பக்கத்துப் பிளாசாவில் அதைப் பொருத்தக் கொடுக்கலாம் என்று தீர்மானித்தார்; அந்தத் தீர்மானத்தை அருந்தவனின் மனைவி சிவகௌரியிடம் சொன்னார். பிழை அங்கேதான்.

"கடையிலை குடுக்கப் போறீங்களோ, தங்கச்சி?" என்றார் அருந்தவன். பிள்ளையை யாருக்கோ தத்துக் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்பது போல இருந்தது குரல்.

"ஓம் அண்ணை. இருபது நிமிசத்திலை மாத்தித் தருவானாம்."

"மாத்துவான். மாத்த மாட்டான் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா அவனுக்கு உங்கடை லப்டொப்பிலை ஒரு அக்கறை இருக்குமோ?"

அடுத்த சனிக்கிழமை மடிக்கணினியும் புதுப் பற்றறியும் மல்கிரேவ் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன.

கழற்றி வேலை செய்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேசையில் வெள்ளைத் துவாய் விரிக்கப்பட்டது. பகல் பதினொரு மணிக்கு நெற்றியில் விளக்குக் கட்டப்பட்டது. யூரியூப்பில் வேறொரு மொடலின் காணொளி ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடியது. அருந்தவன் அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தவுடன், இந்த வகையினர் அனைவரும் தவறாமல் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஆர் இதை முதல் திறந்தது?"

"ஒருத்தரும் திறக்கேல்லை அண்ணை."

"ம்ம்," என்றார், நம்பாமல்.

பழைய பற்றறியை எடுத்து, புதியதின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே நீளம். அருந்தவன் கவனமான மனிதர். கடதாசி ரேப்பில் ஒரு துண்டு கிழித்து, நிறுத்தி நிதானமாகப் 'பழசு' என்று எழுதி, பழையதின் அடிப்பக்கத்தில் ஒட்டினார். "பேர் போடாமல் வேலை செய்யிறவங்களாலைதான் உலகத்திலை முக்கால்வாசிப் பிழையும் நடக்குது," என்று நிரூபாவுக்கு விளக்கினார். நிரூபா தலையாட்டினார். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து நண்பர் பேர்னாட்டிடமிருந்து அழைப்பு வந்தது. பேர்னாட்டின் பிரிண்டர் கடதாசியை இழுக்கவில்லை. ஒரு சத்திர சிகிச்சையின் நடுவில் இன்னொரு நோயாளிக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்வதைவிடக் கழற்றிக்குச் சுகமான விஷயம் வேறில்லை. அருந்தவன் தொலைபேசியைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, "பின் மூடியைத் திற... இல்லை, பின் எண்டால் பின்..." என்று கால் மணித்தியாலம் பேசினார். பேசியபடியே மேசைத் தூசியைத் தட்டினார், பற்றறிகளைத் தூக்கித் துவாயை உதறினார், திரும்ப வைத்தார். பிறகு பேச்சு முடிந்தது. அதே உற்சாகத்தில் ஒரு பற்றறியைப் பொருத்தி, மூடியைப் பூட்டினார். மற்றதைச் சொப்பிங் பையில் சுற்றிக் கராஜுக்குக் கொண்டுபோய், மண் நிரப்பிய வாளியில் புதைத்தார். லித்தியம் தீப்பிடிக்கும் என்பதைப் பற்றிப் பத்து நிமிட விளக்கமும் நடந்தது. நிரூபா இரண்டு பெட்டி மாம்பழச் சாறு கொண்டுவந்திருந்தார். சிவகௌரி வாங்கி வைத்தார்.

அன்று பின்னேரமே நிரூபா குறுஞ்செய்தி அனுப்பினார். நூறு வீதம் காட்டுகிறது, வயரைக் கழற்றினால் ஒன்பது நிமிடத்தில் அணைந்துவிடுகிறது.

அருந்தவன் இதற்கு ஆயத்தமாகவே இருந்தார். ஏழு நிமிட நீளமான குரல் பதிவொன்று போனது. அதன் சாரம், "புதுப் பற்றறி பழக வேணும், தங்கச்சி." முழுதாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும், முழுதாக இறக்க வேண்டும், திரும்ப ஏற்ற வேண்டும். மூன்று தரம். ஒவ்வொரு தரமும் எத்தனை நிமிடம் நின்றது என்று எழுதி வைக்கவும் வேண்டும்.

நிரூபா எழுதினார். ஒரு கொப்பியில் கோடு போட்டு அட்டவணை செய்தார். பதினொன்று. ஒன்பது. பத்து.

அப்படியானால் சார்ஜர் பெலயீனம் என்றார் அருந்தவன். தன் சார்ஜரைக் கொடுத்தார். ஒன்பது. அப்படியானால் விண்டோஸ் அப்டேட். இரவல் வாங்கிய இணைய வேகத்தில் நான்கு மணித்தியாலம் அப்டேட் ஓடியது. பத்து. கிரான்பர்ன் பக்கத்தில் கரண்ட் ஒரு சீராக வருவதில்லை என்று அடுத்ததாகக் கண்டுபிடித்தார். நிரூபா கணினியை வேலையிடத்துக்குக் கொண்டுபோய் அங்கே சார்ஜ் போட்டார். பதினொன்று. அந்த ஒரு நிமிட முன்னேற்றத்தை அருந்தவன் தன் வெற்றியாகக் கொண்டார்.

நிரூபாவின் மகள் வர்ஷா, பதினான்கு வயது, சோபாவில் கிடந்தபடி ஒரே ஒரு வசனம் சொன்னாள்: "அம்மா, இற்ஸ் லிற்றரலி த சேம் அஸ் பிஃபோர்." நிரூபா இதை அருந்தவனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "பிள்ளையளுக்கு எல்லாம் அவசரம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இதுவரை சொல்லாமல் வைத்திருந்த சந்தேகத்தைச் சொன்னார். "குறை நினைக்காதேங்கோ. நீங்கள் லப்டொப்பைக் கட்டிலிலை, தலைகணிக்கு மேலை வைச்சுப் பாவிக்கிறனீங்களோ?"

பாவித்ததுண்டு. யார்தான் பாவிக்கவில்லை? ஆனால் நிரூபா அதை ஒரு குற்றமாக ஒப்புக்கொண்டார். அருந்தவன் மன்னித்தார்.

மூன்றாம் கிழமை முடிவில் மிச்சமிருந்த ஒரே எதிரி பற்றறி விற்ற கடைக்காரர். அருந்தவன் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்தே எழுதினார்: தாங்கள் அனுப்பிய பற்றறி போலியானது, எமது விரிவான பரிசோதனைகள் இதை நிறுவியுள்ளன, உடனடியாக நடவடிக்கை எடுக்காவிட்டால் நுகர்வோர் சட்டப்படி முறையிடப்படும். கீழே, 'வாடிக்கையாளரின் தொழில்நுட்ப ஆலோசகர்' என்று கையொப்பமிட்டார். அந்தக் கடிதத்தை அவர் மூன்று தரம் வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது.

பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. ஜூடித் என்ற பெண் எழுதியிருந்தார். மிகவும் வருந்துகிறேன், இப்படி நடந்ததில்லை, நானும் என் சகோதரியும் மட்டுந்தான் இந்தக் கடையை நடத்துகிறோம், உங்களுக்கு இன்னொரு பற்றறியை நாளைக்கே அனுப்பிவைக்கிறேன், தயவுசெய்து பொருத்தியிருக்கும் பற்றறியின் அடிப்பக்க லேபிளை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?

அந்தப் பணிவு அருந்தவனுக்குப் பிடிக்கவில்லை. குற்றவாளிகள் வாதாட வேண்டும். இருந்தாலும் புதன்கிழமை அரைநாள் லீவு போட்டார். நிரூபா காலையிலேயே கணினியை விட்டுப்போயிருந்தார், நாளைக்குத்தான் நேர்முகம், அன்று காலை எட்டு மணிக்கு வந்து எடுப்பதாகச் சொன்னார்.

மத்தியானம், சாப்பாட்டு மேசை, வெள்ளைத் துவாய். மூடியைக் கழற்றினார். பற்றறியின் ஸ்குரூக்களைக் கழற்றினார். தொலைபேசியில் கமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, பற்றறியைப் புரட்டினார்.

'பழசு' என்றிருந்தது.

இதை யார் எழுதினார்கள் என்பதுதான் அவருடைய முதல் யோசனை. 'ழ'வின் வாலை அப்படி வளைத்து எழுதுகிறவர் மல்கிரேவில் ஒருவர்தான் இருக்கிறார். அது தெரிந்த பிறகும், கன்பராப் பக்கத்தில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண் தமிழில் 'பழசு' என்று எழுதி ஒட்டி அனுப்பியிருக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று ஒரு முழு நிமிடம் யோசித்தார். இல்லை. வழியில்லை. மூன்று கிழமையாக அவர் பழக்கியது பழைய பற்றறியை.

கராஜுக்குப் போனார். முழங்கை வரைக்கும் மண்ணுக்குள் கைவிட்டார். சிவகௌரி உடுப்புக் கூடையோடு கதவடியில் வந்து நின்றார்.

"என்ன தேடுறீங்கள்?"

"பற்றறி."

"ஆற்றை?"

"நிரூபான்ரை."

"பழசோ?"

அருந்தவன் சொப்பிங் பையை வெளியே எடுத்து மண்ணைத் தட்டினார். "இல்லை," என்றார்.

சிவகௌரி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு கொடியடிக்குப் போனார். இருபத்தாறு வருடக் கலியாணத்தில், கேட்ட கேள்விகளைவிடக் கேட்காமல் விட்ட கேள்விதான் கூடச் சுட்டது என்பதை அருந்தவன் அன்று அறிந்தார்.

புதுப் பற்றறியைப் பொருத்தினார். சார்ஜ் ஏற்றி வயரைக் கழற்றினார். பத்து நிமிடம் போனது. இருபது போனது. ஒரு மணித்தியாலம். திரையின் மூலையில் எண்பத்தியெட்டு வீதம். அருந்தவன் கதிரையில் இருந்து அதையே பார்த்தார். அந்த இலக்கம் இறங்காமல் நிற்க நிற்க, இவர் இறங்கிக்கொண்டே போனார்.

பிறகு ஜூடித்துக்கு எழுதினார். பற்றறி மிகச் சிறந்தது, இன்னொன்றை அனுப்ப வேண்டாம், தவறு அதைப் பொருத்திய தொழில்நுட்பவியலாளருடையது, அவரைக் கடுமையாகக் கண்டித்துள்ளோம். சிவகௌரி பின்னால் நின்று வாசித்தார்.

"அந்த ரெக்னீசியன் ஆர்?"

"பொதுவாச் சொன்னது."

"நிரூபாவுக்கும் பொதுவாத்தான் சொல்லப் போறீங்களோ?"

உண்மையில் அதுதான் திட்டம். இந்த வகையினருக்கு இப்படியான சந்தர்ப்பங்களில் சொல்வதற்கென்று அருமையான வசனங்கள் இருக்கின்றன. 'ஒரு லூஸ் கனெக்‌ஷன்.' 'உள்ளுக்கு ஒரு செற்றிங் மாத்தினனான்.' 'விளங்கப்படுத்தினாலும் உங்களுக்கு விளங்காது.' மூன்றையும் அருந்தவன் குளியலறைக் கண்ணாடியில் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது இயல்பாக வந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நிரூபா வந்தார். வேலை உடுப்பின் மேல் நேர்முகத்துக்கான கோட் போட்டிருந்தார். கையில் அந்தக் கொப்பி.

"நிக்குது," என்றார் அருந்தவன். "அஞ்சு மணித்தியாலம் நிக்கும்."

நிரூபா கணினியைத் திறந்து பார்த்தார். சந்தோசப்படுவார் என்று அருந்தவன் எதிர்பார்த்தார். அவருடைய முகம் இன்னும் சுருங்கியது.

"அப்ப நான் என்ன பிழை விட்டனான் அண்ணை? நீங்கள் சொன்ன எல்லாம் செய்தனான்." கொப்பியை விரித்தார். நாற்பத்தியிரண்டு வரி, நீல மையில் நேரம், சிவப்பு மையில் நிமிடம். கடைசிப் பக்கத்தின் கீழே, 'இனிமேல் கட்டிலில் வைப்பதில்லை' என்று எழுதியிருந்தது. "ஒரு பற்றறியைக்கூட ஒழுங்காப் பாவிக்கத் தெரியேல்லை. இண்டைக்கு அங்கையும் ஏதாவது குழப்பிப் போடுவன் எண்டு பயமாக் கிடக்கு."

செற்றிங் மாற்றியதாகச் சொல்ல வாயைத் திறந்தார் அருந்தவன். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"உங்கடை பிழை இல்லை," என்றார்.

நிரூபா பார்த்துக்கொண்டிருந்தார்.

"பற்றறியின்ரை பிழையும் இல்லை." அருந்தவன் துவாயை மடித்தார், விரித்தார். "நான் பழசைத் திருப்பிப் பூட்டிப் போட்டன். புதுசைத்தான் மண்ணுக்குள்ளை தாட்டு வைச்சிருந்தனான்."

நிரூபா கொப்பியின் முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

"பேர் எழுதி ஒட்டினீங்களே," என்றார் நிரூபா.

"ஒட்டினனான்."

"மூண்டு கிழமை, அண்ணை."

"ஓம்."

"தலைகணி எண்டு சொன்னீங்கள்."

நிரூபா கணினியை மூடினார், பையில் வைத்தார், கொப்பியை மேசையிலேயே விட்டார். "நேரமாச்சு. போட்டு வாறன்," என்றார். கோபம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நன்றி மட்டும் சொல்லவில்லை. ஆனால் வாசலால் இறங்கும்போது அவருடைய முதுகு, வந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்திருந்தது. அதை அருந்தவன் கண்டார்.

அன்று நகரசபை அலுவலகத்தில் வாகனத் தரிப்பு அனுமதிகள் எதுவும் சரிபார்க்கப்படவில்லை. பன்னிரண்டு பத்துக்குத் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, முழு மணித்தியாலமும் நிண்டது. இன்னும் எழுபத்தொன்பது வீதம் கிடக்கு."

"இன்ரவியூ?"

"ஒரு கேள்வி கேட்டவை. வேலையிலை ஒரு பிழை நடந்து, அதை எப்பிடிக் கையாண்டது எண்டு ஒரு உதாரணம் சொல்லச் சொல்லி. எனக்கு வேறை ஒண்டும் ஞாபகம் வரேல்லை. உங்களைத்தான் சொன்னனான்."

அருந்தவன் கதிரையில் நிமிர்ந்தார். "என்னையோ?"

"ஓம். லேபிள் ஒட்டினால் மட்டும் காணாது, பாவிக்க முதல் திரும்ப வாசிக்க வேணும் எண்டு சொன்னனான். பிழை விட்டவர் தானாகவே வந்து ஒப்புக்கொண்டதுதான் இதிலை முக்கியம், இல்லாட்டி நான் என்னைத்தான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருப்பன் எண்டும் சொன்னனான். அவை எல்லாத்தையும் எழுதிக்கொண்டவை."

"பேர் சொன்னீங்களோ?"

"சீச்சீ. அனுபவமுள்ள ஒரு தொழில்நுட்பவியலாளர் எண்டு சொன்னனான்." மறுமுனையில் நிரூபா சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு அடக்கவில்லை.

பத்து நாளில் வேலை கிடைத்தது. இதோடு அருந்தவன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? முதல் கொண்டாட்டத்தில் கதையை உள்ளபடியே சொன்னார்: "நான் ஒரு பிழை விட்டனான்." கேட்டவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த மாதம் ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுக் கொண்டாட்டத்தில் அது, "அதிலை ஒரு பிழை நடந்து போச்சு" என்று ஆனது. மூன்றாம் மாதம், தமிழ்ப் பள்ளிக் கார்த் தரிப்பிடத்தில், புதிதாக வந்த ஒரு குடும்பத்திடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததைச் சிவகௌரி காதால் கேட்டார்: "மூண்டு கிழமையா ஒருத்தராலையும் கண்டுபிடிக்க ஏலாத பிழை. கடைசியிலை நான்தான் திறந்து பாத்துக் கண்டுபிடிச்சனான்." அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதுதான் சிவகௌரிக்கு ஆத்திரம். அந்தக் குடும்பத்தின் தேங்காய் துருவும் மெஷின் இப்போது மல்கிரேவில், வெள்ளைத் துவாயின் மேல் இருக்கிறது.

நீங்கள் இந்த வகை இல்லை. தெரியும். பொருள்களைக் கடையில் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு வருகிற நிதானமானவர் நீங்கள். இருந்தாலும் ஒரு சின்னச் சந்தேகம். நிரூபாவின் கணினி ஒன்பதாவது நிமிடத்தில் அணைந்தது என்று வாசித்தபோது, 'முதலில் கனெக்டரையல்லவா பார்த்திருக்க வேண்டும்' என்று உங்களுக்குத் தோன்றியதா? சார்ஜர் எத்தனை வாட் என்று மனது கேட்டதா? அப்படியானால் இன்றைக்கே உங்கள் வீட்டாரிடம், போன வருடம் நீங்கள் திருத்திக் கொடுத்த டோஸ்டர் இப்போது எங்கே இருக்கிறது என்று சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர்கள் உடனே பதில் சொல்லாமல், முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையை மட்டும் கவனியுங்கள்.